பம்பைப் பிடித்த கை

பல்கலைக்கழகத்துக்கு நூறு வயது நிறைந்ததை ஒட்டிப் பெரிய மண்டபத்தில் பழைய படங்களை மாட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் கல்லை நட்டவர், முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்த பதினேழு பேர், வெள்ளம் புகுந்த நூலகம், எலிக்கூண்டுகளுக்கு நடுவே சிரிக்காமல் நின்ற ஆராய்ச்சியாளர்கள் என்று வாசலிலிருந்து வரிசையாக வந்து, வலப்பக்கச் சுவர் முழுவதையும் ஒரே ஒரு படம் அடைத்துக்கொண்டிருந்தது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. கண்ணாடிக் குழாய்களும் கண்ணாடி உருண்டைகளுமாக ஒரு பாதரசப் பம்பு. பின்னால் சுவர் இல்லை, சுற்றிலும் ஈ காக்கை இல்லை. வெள்ளை வெளேரென்ற வெறும் வெளியில், வானத்திலிருந்து இறக்கி வைத்த மாதிரி தன்னந்தனியாக நின்றது.

குடுவைக்காரி அதன் முன்னால் போய் நின்று, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "அடப்பாவிங்களா!" என்றாள்.

ஏணி மேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தான். "ஏம்மா, வெள்ளிக்கிழமைதான் திறப்பு. உங்களை யாரு உள்ள விட்டா?"

"இருபத்தாறு வருஷம் நான் இங்க உள்ளதான்யா இருந்தேன். என்னை யாரு வெளிய விட்டான்னு கேளு."

"என்ன வேணும் இப்ப?"

"இந்தப் படத்துல நான் நிக்கிறேன்."

ஆணிக்காரன் படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சுத்தியலைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு ஏணியிலிருந்து இரண்டு படி இறங்கினான். "எங்கம்மா?"

"இந்த வெள்ளையில."

"நல்லா நிக்கிறீங்க போங்க."

"கிண்டல் பண்ணாத. அந்த மேல் உருண்டைக்குக் கீழ, கழுத்து மாதிரி குறுகுதுல்ல, அங்க பாரு."

அங்கே, குழாயின் கண்ணாடிக்கு முன்னால், மங்கலாக மூன்று கோடுகள் இருந்தன. புழுவைப்போல, அருகருகே.

"ஏதோ பூச்சி."

"பூச்சி இல்லடா. என் விரலு."

அவன் அதற்கு மேல் பேச்சு வளர்க்க விரும்பவில்லை. காப்பகத்தில் போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு மறுபடி ஏறிவிட்டான். குடுவைக்காரிக்கும் அது தெரியாமல் இல்லை. காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே போகக் கூடாது என்பதற்காகத்தான் மற்ற எல்லா இடத்துக்கும் போய்ப் பார்த்துவிட்டு, கடைசியாக இந்த மண்டபத்துக்கு வந்திருந்தாள்.

வேதியியல் துறையில் குடுவை கழுவுகிற வேலை அவளுடையது. அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். இருபத்தாறு வருஷத்தில் பதினெட்டு வருஷம் பாதரச அறையில் கழிந்தது. தரையில் சிந்திய பாதரசத்தை அட்டையால் ஒதுக்கி, முறத்தில் வாரி, குப்பியில் ஊற்றுவாள். பந்து பந்தாக ஓடும். பிடிப்பதே ஒரு வேடிக்கையாக இருக்கும். அது உடம்புக்குள் போகும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது மூன்று வருஷமாகக் கை நடுங்குகிறது. ஒரு டம்ளர் தேநீர் வாய்க்கு வருவதற்குள் பாதி மடியில். ஈறு வீங்கி நான்கு பல் போய்விட்டது. சட்டைப் பொத்தானை மகள்தான் போட்டுவிட வேண்டும்.

பாதரச அறையில் வேலை செய்தவர்களுக்கு வாழ்நாள் முழுக்கப் பல்கலைக்கழக மருத்துவமனையில் சிகிச்சை என்று அறிவித்து, அட்டை கொடுப்பதற்கு ஒரு குழு வெளியூரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தது. மாணவராக இருந்தவர்களுக்கு ஆதாரம் இருந்தது. பேராசிரியர்களுக்கு இருந்தது. கூலியாட்களின் வருகைப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. தின்னாமல் விட்ட ஒரே ஒரு ஏட்டில் குடுவைக்காரியின் பெயர் தோட்டப் பிரிவில் இருந்தது. அந்தக் காலத்தில் எந்தப் பிரிவில் இடம் காலியோ அந்தப் பிரிவில் பெயரைப் போட்டு, எந்த அறையில் ஆள் தேவையோ அந்த அறைக்கு அனுப்புவார்கள். இதைச் சொன்னபோது குழு எழுத்தர் சிரித்தார்.

"தோட்டத்து ஆளுன்னு இருக்கேம்மா. ரோஜாச் செடிக்கு யாரு பாதரசம் ஊத்துனா?"

அவர் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மகள் அதை இரண்டு தடவை படித்துக் காட்டினாள். காப்பகத்திலிருந்து சான்றளித்த படம் வேண்டும். பாதரச அறை என்பது தெரிய வேண்டும். விண்ணப்பித்தவர் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், அதே படத்தில் முகம் தெளிவாகத் தெரிகிற வேறொருவர் நேரில் வந்து அடையாளம் சொல்லலாம். அவர் உறவினராக இருக்கக் கூடாது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை நண்பகல்.

இன்றைக்குப் புதன்.

காப்பகத்தில் உட்கார்ந்திருந்தவன் அவளுடைய கொழுந்தன். கணவனின் கூடப் பிறந்த தம்பி. பத்தொன்பது வயதில் புகைப்படக்காரருக்கு எடுபிடியாகச் சேர்ந்து, இருட்டறையிலேயே தலை நரைத்து, இப்போது காப்பாளராகி, இன்னும் ஐந்து மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவன். ஒரே கொல்லைக் குழாயில் தண்ணீர் பிடித்த குடும்பம்தான். பதினொரு வருஷத்துக்கு முன் காப்பக அலமாரியிலிருந்து ஒரு விலையுயர்ந்த லென்ஸ் காணாமல் போனது. காவலாளியாக இருந்தவன் குடுவைக்காரியின் கணவன். சாவி அன்றைக்கு யாரிடம் இருந்தது என்று விசாரணையில் கேட்டார்கள். தம்பிக்காரன் எழுந்து நின்று, "அண்ணன்கிட்ட" என்றான். ஒரே வார்த்தை. அண்ணன் வேலை போயிற்று. இரண்டு வருஷத்தில் ஆளும் போய்விட்டான். குடுவைக்காரி சிற்றுண்டிச் சாலை வாசலில், உணவு இடைவேளையில், நூறு பேர் பார்க்க, கூடப் பிறந்தவனைக் காட்டிக் கொடுத்தவன் என்று கொழுந்தனைத் திட்டித் தீர்த்தாள். அந்தப் பேச்சு ஊரெல்லாம் சுற்றி, அவன் மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் தட்டிப் போயிற்று. அன்றிலிருந்து எதிரெதிரே வந்தால் ஒருவர் வழி மாறிப் போவார். பெரும்பாலும் அவன்தான் மாறுவான்.

அறையில் வழி மாற இடமில்லை. மேசை, நாற்காலி, கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள்.

"என்ன வேணும்?" என்றான் தலையை நிமிர்த்தாமல்.

"படம்."

"எந்தப் படம்?"

"நான் இருக்கிற படம்."

"அதுக்கு ஸ்டுடியோவுக்குப் போகணும்."

"இங்க பாரு, நான் உன்கிட்ட வரல. காப்பகத்துக்கு வந்திருக்கேன். அதுல ஒரு ஆளு உக்காந்திருக்கு, அது என் நேரம்."

"அந்த ஆளுக்குச் சாப்பாட்டு நேரம். ரெண்டு மணிக்கு மேல வாங்கம்மா."

'அம்மா' என்றான். யாரோ வழிப்போக்கரிடம் சொல்வது மாதிரி. குடுவைக்காரிக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளாமல், "இங்கயே இருக்கேன்" என்றாள்.

"நாற்காலி ஆராய்ச்சி பண்றவங்களுக்கு."

"நிக்கிறேன். நின்னு பழக்கம்தான்."

சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, அவள் நிற்க நிற்க, கடைசிப் பருக்கை வரை நிதானமாகச் சாப்பிட்டு, கை கழுவி, வெள்ளைக் கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டு, வேதியியல் துறைப் பெட்டிகளை இறக்கினான். "கையை மேல வைக்கக் கூடாது. பார்க்க மட்டும்தான்."

பார்த்தாள். பதினெட்டு வருஷம் அந்தப் பெட்டிகளில் இருந்தது. பேராசிரியர் பம்புக்கு அருகில். வெளிநாட்டு விருந்தினர் பம்புக்கு அருகில். மாணவர்கள் தோளோடு தோள் உரச. ஒவ்வொரு படத்துக்குக் கீழும் இடமிருந்து வலமாகப் பெயர்கள். அவளும் இருந்தாள். ஒரு படத்தின் ஓரத்தில் அவள் முழங்கை, அமிலம் பட்டுச் சுருங்கிய தழும்போடு. இன்னொன்றில் சாம்பல் நிற மேலங்கியின் கீழ்ப்பாதியும் ஒரு செருப்பும். இன்னொன்றில் குடுவைத் தட்டை ஏந்திய இரண்டு கைகள் மட்டும். ஆல்பத்தின் அளவுக்குப் படத்தை வெட்டும்போது ஓரத்தில் நிற்கிறவர்கள் போவார்கள். கூலியாட்கள் எப்போதும் ஓரத்தில்தான் நிற்பார்கள்.

"உன்னைத் துண்டு துண்டா வச்சிருக்கோம்" என்றான் கொழுந்தன். "ஒட்டிப் பார்த்தா முழுசா வருவே."

"வெட்டுனவன் கை வெளங்கும்."

"பிளேடு பிடிச்சது நான்தான். அளவு போட்டுக் கொடுத்தது மேல இருந்தவங்க."

"உனக்கு எப்பவும் மேல ஒருத்தன் சொல்லணும்."

அவன் பெட்டியை மூடினான். மூடிய சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது. "முகம் தெரியிற படம் இல்ல. போகலாம்."

"மண்டபத்துல மாட்டியிருக்கீங்களே பெருசா, அதோட கண்ணாடித் தட்டு எங்க?"

அவன் கையுறையைக் கழற்றத் தொடங்கினான்.

அந்தப் பம்பின் கதை இதுதான். பேராசிரியர் தன் பம்பு யாருடைய துணையும் இல்லாமல் தானே நிற்கும் என்று எழுதியிருந்தார். நிற்காது. தலை கனம். மேல் உருண்டையின் கழுத்தை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் படம் எடுத்த நாளில் குடுவைக்காரி பிடித்துக்கொண்டாள். பிறகு, படம் பதிந்த கண்ணாடித் தட்டின், அதாவது நெகட்டிவின், மேல் சிவப்புச் சாயம் பூசி அவளை மறைத்தார்கள். கண்ணாடித் தட்டில் சிவப்பு பூசிய இடம் அச்சில் வெள்ளையாக விழும். மேசை, சுவர், ஆள் எல்லாம் வெள்ளைக்குள் போய்விட்டன. பம்பின் மேலேயே இருந்த விரல்களை மட்டும் மறைக்க முடியவில்லை. மறைத்தால் பம்பும் போய்விடும்.

"அது நீ இல்ல" என்றான் கொழுந்தன். "அப்ப ரெண்டு பேர் கழுவிட்டிருந்தீங்க. அது அந்த இன்னொரு பொம்பளை."

"அவ வந்தது மறு வருஷம்."

"எனக்கு ஞாபகம் இருக்கு."

"உன் ஞாபகத்தைக் கரையான் தின்னுடுச்சு. தட்டை எடு. சாயத்தைக் கழுவு. யாருன்னு தெரிஞ்சுடும்."

"கழுவுறதா? காப்பகத் தட்டுல ஒரு சொட்டுத் தண்ணி பட்டா மெமோ. அஞ்சு மாசத்துல வீட்டுக்குப் போகப் போறவன் நான். உனக்காக அசிங்கப்பட்டு வெளிய போகணுமா?"

"என் வீட்டுக்காரர் எப்படிப் போனாரு?"

அன்றைக்குப் பேச்சு அத்தோடு நின்றது. மறுநாள் காலையில் அவன் கதவைத் திறந்தபோது குடுவைக்காரி வாசலில் நின்றிருந்தாள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே போய், கை நடுங்க நடுங்க நின்றாள். தகவல் கேட்டு இரண்டு மாணவிகள் வந்தார்கள். இவள் யார் என்று கண்ணாலேயே கேட்டார்கள். பதினொன்றரை மணிக்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"சரி. கழுவுறேன். அது நீ இல்லன்னா, எந்த வாசல்ல நின்னு என்னைத் திட்டினியோ அதே வாசல்ல, அதே சாப்பாட்டு நேரத்துல நின்னு, சொன்னது தப்புன்னு சொல்லணும். சத்தமா."

"நானா இருந்தா?"

"இருக்க மாட்டே."

இருநூற்றுப் பன்னிரண்டாம் தட்டை உறையிலிருந்து எடுத்து வந்தான். ஒரு பக்கம் படம் படிந்த மெல்லிய பூச்சு. மறுபக்கம் வெறும் கண்ணாடி. அதில்தான் சாயம் காய்ந்து ஒட்டியிருந்தது, ஆறாத புண் மாதிரி. வாஷ்பேசின் பக்கத்தில் துணி விரித்து, பஞ்சை நனைத்துப் பிழிந்து, ஓரத்தில் வைத்தான்.

"வட்டமாத் தேய்க்காத" என்றாள்.

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்ச லட்சணம்தான் தெரியுதே. ஒரே பக்கமா இழு. பஞ்சை மாத்து. அதே பஞ்சால திரும்ப இழுத்தா கீறல் விழும்."

"நீ தள்ளி நில்லு. உன் கை ஆடுற ஆட்டத்துக்குத் தட்டு கீழ விழும்."

அவள் கையை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு தள்ளி நின்றாள். ஆனால் வாய் நிற்கவில்லை. தண்ணீர் அதிகம் என்றாள். மூலையை விட்டுவிட்டாய் என்றாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் சொன்னபடிதான் செய்தான். இருபத்தாறு வருஷம் கண்ணாடி கழுவியவளிடம் கண்ணாடியைப் பற்றி வாதாட முடியாது. பஞ்சு ஒவ்வொன்றாகச் சிவந்து தொட்டியில் விழுந்தது. ஏழாவது பஞ்சில் ஒரு முழங்கை வந்தது. தழும்போடு.

அவன் முழுவதும் கழுவி, துடைத்து, விளக்குப் பெட்டி மேல் வைத்து விளக்கைப் போட்டான்.

தட்டில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரியும். பாதரச அறையின் சன்னல் கறுப்பாக இருந்தது. சுவரில் எழுதிய 'பாதரச அறை' வெள்ளையாக இருந்தது. நடுவில் மேலங்கியோடு ஒரு பெண், வலது கையால் பம்பின் கழுத்தைப் பிடித்தபடி. தலைமுடி பஞ்சாக வெளுத்திருந்தது.

"இப்ப இருக்கிற மாதிரியே இருக்கு" என்றான், சிரிக்காமல்.

ஆனால் முகம் கலைந்திருந்தது. ஈரத்தில் விரல் வைத்து இழுத்த மாதிரி, இரண்டு மூக்கு, எங்கோ பாதி வாய். அறையில் வெளிச்சம் குறைவென்பதால் எட்டு விநாடி திறந்து வைத்து எடுத்த படம் அது. எட்டு விநாடியும் கை அசையவில்லை. தலை அசைந்திருக்கிறது.

அவள் விளக்குப் பெட்டி மேல் குனிந்து பார்த்தாள். அப்புறம் ஞாபகம் வந்தது, ஞாபகத்தோடு கோபமும் வந்தது.

"நீதான்டா! நீதான் சிரிக்க வச்ச. அந்த மனுசன் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு 'மூச்சு விடக் கூடாது'ன்னாரு. நீ கீழ உக்காந்துக்கிட்டு, 'வாடகைக்கு விடலாமா'ன்ன. நான் சிரிப்பை அடக்க முடியாம திரும்பினேன். எல்லாத்தையும் நீதான்டா கெடுத்த. அன்னைக்கும் நீதான்!"

கீழே, பம்புக்கு இடப்பக்கம், வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு வெள்ளைப் பலகையைப் பிடித்துக்கொண்டு ஓர் இளைஞன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவனையும் சாயம்தான் மறைத்திருந்தது. அவன் முகம் அசையவில்லை. மீசை எண்ணிக்கூடப் பார்க்கலாம்.

கொழுந்தன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளைச் சாயம் பூசி மறைத்தவன் அவன்தான். தன்னையும் தானே பூசிக்கொண்டிருக்கிறான். முதல் வருஷம். மேலே இருந்தவர் தூரிகையைக் கொடுத்தார், பூசினான்.

"உன் முகம் தெரியுது" என்றாள் குடுவைக்காரி. "அந்தத் தாள்ல போட்டிருக்கு. முகம் தெரியிறவன் வந்து சொல்லலாம்னு."

"உறவா இருக்கக் கூடாதுன்னும் போட்டிருக்கு."

"நீ எனக்கு உறவா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"நான் அங்க வந்தா, அழிச்சது யாருன்னு கேப்பாங்க. கழுவினது யாருன்னு கேப்பாங்க. மண்டபத்துல அவ்வளவு பெருசா மாட்டி வச்சிருக்கிறது பொய்யின்னு நான் போய்ச் சொல்லணுமா? வெளிய போ."

"சொல்ல முடியுமா முடியாதா?"

"வெளிய போன்னு சொன்னேன்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து குழு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மகள் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தோற்றுப் போவதை மகள் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. பதினொன்று ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. கீழே மண்டபத்தில் திறப்பு விழாவின் கைதட்டல் அலை அலையாக மேலே வந்தது. கொழுந்தனை மனசுக்குள் திட்டுவதற்குப் புதிய வார்த்தைகள் அகப்படவில்லை. பழையவற்றையே வரிசை மாற்றித் திட்டிக்கொண்டிருந்தாள்.

பதினொன்று நாற்பதுக்கு அவன் படியேறி வந்தான். அக்குளில் ஒரு பழுப்பு உறை. அவளைப் பார்க்காமல் கடந்து உள்ளே போனான். அவள் எழுந்து பின்னால் போனாள்.

குழு எழுத்தர் படத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். கொழுந்தன் தட்டைக் கணினியில் ஏற்றி, கறுப்பை வெள்ளையாகத் திருப்பி, தெளிவாக அச்சடித்துக் கொண்டு வந்திருந்தான்.

"இது கீழ மாட்டியிருக்கிற பம்புதானே? அதுல ஆளே இல்லையே."

"அழிச்சது."

"யாரு?"

"நான். பத்தொன்பது வயசுல. சொன்னாங்க, அழிச்சேன்."

"சாயத்தை எடுத்தது?"

"அதுவும் நான்தான். நேத்து. கையெழுத்துப் போட்டுப் பதிவேட்டுல எழுதியிருக்கேன்."

எழுத்தர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க மேல நடவடிக்கை வரும், தெரியும்ல?"

"தெரியும்."

"சரி, அடையாளம் சொல்லுங்க. இடமிருந்து வலம்."

கொழுந்தன் படத்தின் மேல் விரலை வைத்தான். "இடது ஓரத்துல கீழ உக்காந்திருக்கிறது நான். வெளிச்சப் பலகை என் கையில. நடுவுல பம்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது அண்ணி."

சொல்லிவிட்டான். பதினொரு வருஷமாக அந்த வார்த்தை அவன் வாயில் வந்ததில்லை. நாற்பது வருஷத்துக்கு முந்தைய அறையைப் பார்த்துக்கொண்டே பேசியதில், அந்த அறையில் புழங்கிய பெயர் தானாக வந்து விழுந்துவிட்டது.

எழுத்தரின் பேனா நின்றது. "அண்ணியா? உறவா?"

"இல்ல சார். துறையில எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க."

"எல்லாரும் அப்படிச் சொல்லித்தான் சித்தப்பனையும் மாமனையும் கூட்டிட்டு வராங்க. நேத்து மூணு பேரைத் திருப்பி அனுப்பினேன்." மூடியை எடுத்துப் பேனாவில் மாட்டினார். "உண்மையைச் சொல்லுங்கம்மா. இவர் உங்களுக்கு யாரு?"

சுவர்க் கடிகாரத்தில் நண்பகலுக்கு ஒன்பது நிமிஷம் இருந்தது. குடுவைக்காரி வாயைத் திறந்தாள். அதற்கு அப்புறம் அவள் யோசிக்கத் தேவை இருக்கவில்லை.

"இந்த ஆளா? இவன் எனக்கு உறவா? என் வீட்டுக்காரர் வேலையில இருந்து போனதே இவன் சொன்ன சாட்சியிலதான் சார்! அந்த மனுசன் செத்து ஒன்பது வருஷம் ஆச்சு. இவன் நிழல் என் மேல பட்டாக்கூட நான் குளிப்பேன். இவனைப் போய் உறவுன்னு எழுதினீங்கன்னா, எனக்கு உங்க அட்டையே வேண்டாம்!"

"கத்தாதீங்கம்மா…"

"என் பொண்ணு சம்பந்தம் நின்னு போச்சு சார், இந்தம்மா வாயால" என்றான் கொழுந்தன். அவன் குரலும் ஏறியிருந்தது. தொடங்கியபோது நடிப்பாக இருந்திருக்கலாம். இப்போது கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. "சிற்றுண்டிச் சாலை வாசல்ல வச்சு மானத்தை வாங்கினாங்க. நான் என்ன தப்புப் பண்ணேன்? அந்த வாட்ச்மேன்கிட்ட சாவி இருந்துச்சு. கேட்டாங்க. சொன்னேன்."

அந்த வாட்ச்மேன் என்றான், தூக்கி வளர்த்த அண்ணனை. குடுவைக்காரிக்குக் காது அடைத்தது.

"கேட்டாங்கன்னா? தெரியலன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் வெந்துடுமா? ஒரே ஒரு வார்த்தை!"

"தெரிஞ்சதைத் தெரியலன்னு எப்படிச் சொல்றது? எனக்குப் பொய் சொல்ல வராது."

பொய் சொல்ல வராதாம். அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இப்ப நிமிஷத்துக்கு ஒண்ணாச் சொல்றியே, இது என்னடா? இந்தப் பொய்யில் பாதியை அன்னைக்குச் சொல்லியிருந்தா அவர் இருந்திருப்பாரேடா! பதினொரு வருஷமாகத் தேடிய வார்த்தை. இதைவிடக் கூர்மையாக ஒன்று இனிமேல் கிடைக்காது. அதைச் சொன்னால் அட்டை போகும். சொல்லாவிட்டால் தொண்டையில் நிற்கும்.

விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "பாத்தீங்களா சார்" என்றாள். "இதுதான் இந்த ஆளு."

"போதும், போதும்!" எழுத்தர் இரண்டு கையையும் தூக்கினார். "உறவு இல்லைன்னு போட்டாச்சு. சொந்தக்காரங்க யாராவது இப்படிச் சண்டை போடுவாங்களா?" அவருக்குக் கல்யாணம் ஆகி ரொம்ப நாள் ஆகியிருக்காதுபோல. முத்திரையை எடுத்து, வாயால் ஒரு தடவை ஊதி, விண்ணப்பத்தின் மேல் ஓங்கிக் குத்தினார். கொழுந்தன் சாட்சிக்குரிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். 'விண்ணப்பித்தவருக்கும் எனக்கும் எவ்வித உறவும் இல்லை' என்ற வரிக்கு நேர் கீழே.

வெளியே வந்ததும் அவள் விடவில்லை. படிக்கட்டின் திருப்பத்தில் அவனைப் பிடித்துவிட்டாள்.

"நில்லு. அன்னைக்கு வராத பொய் இன்னைக்கு எப்படி வந்துச்சு?"

அவன் நின்றான். கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடியே பேசினான். "அன்னைக்கு வேலை போயிடும்னு பயம். இன்னைக்கு அஞ்சு மாசம்தான் இருக்கு. போனாப் போகுது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வேற என்னமோன்னு நினைச்சுக்காத."

"நினைக்கல."

"சிற்றுண்டிச் சாலை வாசல்ல சொன்னதை வாபஸ் வாங்குவியா?"

"மாட்டேன்."

"சரி" என்றான்.

அவன் காப்பகத்துப் பக்கம் திரும்பினான். மேசையில் மெமோ வந்திருக்கும், இல்லையென்றால் சாயங்காலத்துக்குள் வந்துவிடும். அவள் முத்திரை ஈரம் காயாத தாளை சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்தாள். கை ஆட்டத்தில் இரண்டு தடவை தவறியது. மூன்றாம் தடவை உள்ளே போயிற்று. மருத்துவமனையில் பதிவு ஒரு மணி வரைக்கும்தான். விழாவுக்கு வந்த கூட்டம் நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றது. "கொஞ்சம் தள்ளுங்கய்யா" என்று முழங்கையால் வழி செய்துகொண்டு அவள் வேகமாக நடந்தாள்.